எபிசோடு 38: சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது, கோளாறு பக்கத்து அறையில்

(ஒலிவடிவில் வெளியான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் கோடிங் இல்லை, சர்வர் இல்லை. எங்க பெரியம்மாவைப் பற்றிப் பேசப் போகிறேன். அவங்க சம்மதம் வாங்கிட்டுதான் பேசுறேன். "பேரை மட்டும் சொல்லாதப்பா, மத்ததெல்லாம் சொல்லு, நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்"னு சொன்னாங்க. அதனால் இங்கே அவங்க வெறும் பெரியம்மா. வயது 61. ஊர் விருதுநகர் பக்கம்.

ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. இன்ஜினியரிங் படிச்சவன். ஒரு விஷயம் எப்படி வேலை செய்யுதுன்னு புரியலைன்னா எனக்குத் தூக்கம் வராது. பெரியம்மா வீட்டில் நடந்ததை அப்படிப் புரிந்துகொள்ளப் போய், டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதுதான் இந்த எபிசோடு.

தோசையில் ஆரம்பித்தது

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பெரியம்மா மட்டும் தோசையைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, சாம்பாரில் நல்லா ஊறவைத்து, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு தண்ணீர் குடித்தாங்க. "என்ன பெரியம்மா, பல்லு வலியா?"ன்னு கேட்டேன். நெஞ்சின் நடுவில் விரலை வைத்து, "இங்கன வந்து நிக்குதுய்யா. தண்ணி குடிச்சாத்தான் இறங்குது" என்றாங்க.

அப்போதே அது ஆரம்பித்து ஏழெட்டு மாசம் ஆகியிருந்தது. ஊரில் ஒரு டாக்டர் கேஸ் என்றார், பேண்டோப்ரசோல் கொடுத்தார். வீட்டு வைத்தியமாக ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு எல்லாம் ஆயிற்று. அப்புறம் மதுரையில் எண்டோஸ்கோபி எடுத்தார்கள். புண் இல்லை, கட்டி இல்லை, எல்லாம் நார்மல். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பெரியம்மாவுக்கு மட்டும் தோசை இறங்கவில்லை. சப்பாத்தி போச்சு, கறி போச்சு, கடைசியில் கஞ்சியும் குழைந்த ரசம் சாதமும்தான். ஏழு கிலோ குறைந்துவிட்டாங்க.

இது போக இன்னும் இரண்டு தொல்லை. குரல் கம்மிப்போனது. சளி என்று நினைத்துக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனாங்க. இன்னொன்று, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், ராத்திரி இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடியும். அதற்கு யாரிடமும் போகவில்லை. "வயசாச்சுல்ல" என்று விட்டுவிட்டாங்க.

எங்க ஆபீஸில் இதை மூன்று டிக்கெட் என்போம். ஒரே பக் மூன்று இடத்தில் மூன்று விதமாக வெளியே தெரியும். மூன்று டீம் மூன்று டிக்கெட் போட்டு, தனித்தனியாக மூடிக்கொண்டே இருப்பார்கள். பெரியம்மாவுக்கு நடந்ததும் அதுதான். அந்த ஒரே பக் இருந்த இடம் இதயம்.

நெஞ்சுக்குள் யாருக்குப் பக்கத்தில் யார்?

பள்ளிக்கூடத்தில் இதயம் வரைந்திருப்போம். நாலு அறை. மேலே இரண்டு ஆரிக்கிள், கீழே இரண்டு வென்ட்ரிக்கிள். அந்தப் படத்தைப் பார்த்தால் நாலும் வரிசையாக முன்னாடி நிற்பது போலத் தோன்றும். நிஜத்தில் இதயம் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. வலது பக்க அறைகள் முன்னால் வரும். இடது மேலறை, அதாவது இடது ஆரிக்கிள், ஆகப் பின்னால் போய்விடும். கிட்டத்தட்ட முதுகுப் பக்கம்.

அதற்கு நேர் பின்னால் யார் இருக்கிறார்கள்? உணவுக்குழாய். தொண்டையிலிருந்து இரைப்பை வரை சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். நெஞ்சின் நடுப்பகுதியில் அதற்கு முன்னால் இடது மேலறை, பின்னால் முதுகெலும்பு. இதயத்துக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் பெரிய சுவர் எதுவும் இல்லை, இதயத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறைதான்.

நல்ல ஆளுக்கு அந்த மேலறை முன்னும் பின்னுமாக 4 சென்டிமீட்டருக்கு உள்ளேதான் இருக்கும். அப்போது யாருக்கும் யாரும் தொல்லை இல்லை. அந்த அறை வீங்கினால்? முன்னால் போக இடமில்லை, பின்பக்கமாகத் தள்ளும். பின்னால் இருப்பது முதுகெலும்பு, அது நகராது. நடுவில் மாட்டிக்கொள்வது உணவுக்குழாய்.

பெரியம்மாவுக்கு எக்கோ எடுத்தபோது அந்த அறை 7.2 சென்டிமீட்டர் இருந்தது. பொதுவாக 6.5 சென்டிமீட்டருக்கு மேல் போனாலே மருத்துவர்கள் அதை ராட்சத மேலறை என்கிறார்கள்.

அறை ஏன் வீங்குகிறது?

நுரையீரலில் ஆக்சிஜன் வாங்கிய ரத்தம் முதலில் வந்து சேரும் இடம் இடது மேலறை. அங்கிருந்து மிட்ரல் வால்வு என்ற கதவு வழியாகக் கீழறைக்கு இறங்கும். கீழறை அதை உடம்பு முழுக்க அனுப்பும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் அந்தக் கதவைத் தாண்டியாக வேண்டும்.

அந்தக் கதவு முழுசாகத் திறந்தால் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கும். அது 1.5 அல்லது அதற்கும் கீழே போய்விட்டால் கடுமையான சுருக்கம் என்று கணக்கு. பெரியம்மாவுக்கு 0.9. அதே அளவு ரத்தம், கால்வாசி வாசல்கூட இல்லை. வாசல் சுருங்கினால் முன்னால் கூட்டம் சேரும். மேலறையில் அழுத்தம் ஏறும், வருஷக்கணக்காக ஏறும், சுவர் இழுபட்டு இழுபட்டு அறை பெரிசாகும்.

இதில் ஒரு கெட்ட வட்டம் இருக்கிறது. ஃபிசிக்ஸில் லாப்லாஸ் விதி படித்திருப்போம். உள்ளே அழுத்தம் அதே அளவு இருந்தாலும், பலூன் பெரிசாகப் பெரிசாக அதன் சுவர் மீது விழும் இழுவிசை கூடிக்கொண்டே போகும். அதாவது வீங்கிய அறை இன்னும் சுலபமாக வீங்கும். போதாக்குறைக்கு, இழுபட்ட சுவரில் மின் துடிப்பு தாளம் தப்பும். மேலறை ஒழுங்காகச் சுருங்குவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும். இதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பேர். நடுங்கும் அறை ரத்தத்தைத் தள்ளாது, ரத்தம் தேங்கும், அறை இன்னும் வீங்கும். தேங்கிய ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

மிட்ரல் வால்வு சுருங்குவது மட்டும்தான் காரணம் என்றில்லை. வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிந்தாலும், ரத்த அழுத்தமோ இதயச் செயலிழப்போ நீண்ட நாள் இருந்தாலும் இந்த அறை பெரிசாகும். ஆனால் உணவுக்குழாயை நெரிக்கும் அளவுக்கு ராட்சத மேலறை என்றால், நம் நாட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ருமாட்டிக் காய்ச்சல்.

நாற்பது வருஷம் மறைத்து வைத்த ஊசி

ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வரும். ஆரம்பம் சாதாரணத் தொண்டை வலி. காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. தொண்டை வலி போய் இரண்டு மூன்று வாரம் கழித்துத் திடீரென்று காய்ச்சல், மூட்டு வீக்கம். இன்றைக்கு முழங்கால், நாளைக்கு கணுக்கால் என்று வலி இடம் மாறும். பாக்டீரியாவை அடிக்க உடம்பு தயாரித்த எதிர்ப்புச் சக்தி, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த இதயத்தையே அடிக்கிறது. பாக்டீரியாவின் மேல் இருக்கும் ஒரு புரதமும் இதயத்தில் இருக்கும் புரதங்களும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் பிரச்சினை.

மூட்டு வலி தடம் தெரியாமல் போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு போகாது. இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல மீன் வாய் போல ஒரு கீறலாகச் சுருங்கும். சிலருக்கு இருபது வயதுக்குள்ளேயே தொல்லை ஆரம்பித்துவிடும், சிலருக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். மறுபடி மறுபடி தொண்டைத் தொற்று வந்து வால்வு மேலும் கெடாமல் இருக்க, மூன்று அல்லது நாலு வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி போடுவார்கள். வருஷக்கணக்காக.

ஒரு வழியாக ஊரிலிருந்த ஒரு வயசான பொது மருத்துவர்தான் இதைக் கண்டுபிடித்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "அம்மா, சின்னப் பிள்ளையில மூட்டு வீங்கிப் படுத்திருக்கீங்களா? மாசா மாசம் இடுப்புல ஊசி போட்டாங்களா?"ன்னு கேட்டார்.

பெரியம்மா பேசவில்லை. பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்தாங்க. அப்புறம் மெதுவாக, "போட்டாங்க. கல்யாணத்தோட நிறுத்திட்டோம்" என்றாங்க.

நாற்பது வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்த பெரியப்பாவுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். பெண்ணுக்கு இதயத்தில் கோளாறு என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று அவங்க அம்மா, "அங்க போயி இதப் பத்தி வாயத் தொறக்காத"ன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. பிரசவத்தின்போது மூச்சுத் திணறியதையும் பலவீனம் என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கூடும். சுருங்கின வால்வு உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தான காலம். பெரியம்மா இரண்டு தடவை அதைத் தாண்டியிருக்காங்க, யாருக்கும் தெரியாமலே.

எண்டோஸ்கோபி ஏன் நார்மல்?

இது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. குழாய்க்குள்ளேயே கேமரா விட்டுப் பார்த்தும் எப்படித் தெரியாமல் போகும்?

கேமரா பார்ப்பது குழாயின் உட்சுவரை. பெரியம்மாவுக்கு உட்சுவர் நன்றாகத்தான் இருந்தது, நெரிப்பு வெளியிலிருந்து வந்தது. சில சமயம் ஒரு இடத்தில் சுவர் உள்ளே பிதுங்கித் துடிப்பது தெரியும். ஆனால் குழாய் மென்மையானது, ஸ்கோப் தள்ளினால் வழி விட்டுவிடும். அதனால் கவனத்துக்கு வராமலும் போகலாம். எண்டோஸ்கோபி வீண் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். விழுங்கச் சிரமம், எடை குறைவு என்றால் முதலில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தே ஆக வேண்டும். அதற்கு எண்டோஸ்கோபிதான் வழி. அது நார்மல் என்று வந்த பிறகு தேடுவதை நிறுத்தியதுதான் தப்பு.

அடுத்து எடுத்தது பேரியம் எக்ஸ்ரே. சுண்ணாம்புக் கரைசல் மாதிரி வெள்ளையாக ஒன்றைக் குடிக்கச் சொல்லி, அது இறங்கும்போதே படம் எடுப்பார்கள். பக்கவாட்டுப் படத்தில் பெரியம்மாவின் உணவுக்குழாய் நெஞ்சின் நடுவில் வில் போலப் பின்னால் வளைந்திருந்தது. யாரோ முழங்கையால் தள்ளினது மாதிரி. எக்கோ வருவதற்கு முந்தைய காலத்தில் இதையே தலைகீழாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். உணவுக்குழாய் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்த்து, இதய அறை எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று கணிப்பார்கள்.

எக்கோவின் கதையும் இதே வால்வில்தான் ஆரம்பிக்கிறது. 1953-ல் ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் இங்கே எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெல்முட் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் அல்ட்ராசவுண்டை இதயத்தின் மீது திருப்பினார்கள். எட்லருக்குத் தேவைப்பட்டது மிட்ரல் வால்வு நோயைச் சரியாகக் கண்டுபிடிக்க ஒரு வழி. இன்றைக்கு இதயத்தின் பின்பக்கத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால், எக்கோ கருவியையே உணவுக்குழாய்க்குள் இறக்கிப் பார்க்கிறார்கள். நெஞ்சுக்கு வெளியிலிருந்து பார்ப்பதைவிட இடது மேலறை அங்கிருந்துதான் பக்கம்.

மற்ற இரண்டு டிக்கெட்

மூச்சு வாங்கினது ஏன் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். மேலறையில் தேங்கினால் அதற்கு முந்தைய இடமான நுரையீரலிலும் தேங்கும். படுத்தால் கால்களில் இருக்கும் ரத்தமும் நெஞ்சுக்கு வரும். அதனால்தான் இரண்டு தலையணை.

குரல்? குரல்வளையை ஆட்டும் இடது பக்க நரம்பு கழுத்திலிருந்து நேராகக் குரல்வளைக்குப் போகாமல், நெஞ்சுக்குள் இறங்கி, மகாதமனியின் வளைவைச் சுற்றித் திரும்ப மேலே ஏறுகிறது. அந்த வளைவுக்குக் கீழே இதய அறையோ, அழுத்தம் கூடி வீங்கிய நுரையீரல் தமனியோ நெரித்தால் நரம்பு செயலிழந்து குரல் கம்மும். 1897-ல் வியன்னாவில் நார்பெர்ட் ஆர்ட்னர் மிட்ரல் வால்வு நோயாளிகளிடம் இதைக் கவனித்து எழுதினார். இன்றும் அவர் பேரில்தான் அந்தக் குறையை அழைக்கிறார்கள்.

ஒன்று முக்கியம். இடது மேலறை பெரிசான எல்லோருக்கும் விழுங்கச் சிரமம் வராது. பெரும்பாலானவர்களுக்கு உணவுக்குழாய் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து தப்பித்துவிடும். அதனால் எக்கோ ரிப்போர்ட்டில் லேசாகப் பெரிசு என்று இருந்தால் பயந்துபோய்க் கஞ்சிக்கு மாறிவிடாதீர்கள்.

ஒரு மாத்திரை செய்த வேலை

சிகிச்சையில் முதலில் சிறுநீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். தேங்கின நீர் குறைந்தால் மேலறையின் அழுத்தமும் குறையும். இரண்டு வாரத்தில் மூச்சு இளகியது, இட்லி இறங்க ஆரம்பித்தது. அந்த மாத்திரையால் பொட்டாசியமும் வெளியே போய்விடும் என்பதால் கூடவே ஒரு பொட்டாசியம் மாத்திரை எழுதியிருந்தார்கள்.

இந்த எபிசோடில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பெரியம்மா ராத்திரி படுக்கப் போகும்போது அந்தப் பெரிய மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுப் படுத்தாங்க. மாத்திரை நெரிந்த இடத்தில் நின்றுவிட்டது. விடியற்காலையில் நெஞ்செரிச்சல் தாங்க முடியாமல் துடித்தாங்க. பொட்டாசியம் குளோரைடு ஒரே இடத்தில் கரைந்தால் அந்த இடம் புண்ணாகிவிடும். இடது மேலறை வீங்கி உணவுக்குழாயை அழுத்துகிறவர்களுக்கு இந்த மாத்திரை கொடுக்கக் கூடாது, திரவ வடிவில்தான் கொடுக்க வேண்டும் என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் பெரியம்மா விழுங்கச் சிரமப்படுகிறாங்க என்பது அந்த மருந்துச் சீட்டை எழுதியவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. மறுநாளே சிரப்புக்கு மாற்றினார்கள்.

அப்புறம் வால்வு. சுருங்கின மிட்ரல் வால்வை நெஞ்சைத் திறக்காமலே பலூன் வைத்து விரிக்க முடியும். தொடையிலிருக்கும் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போய், ஒட்டின இதழ்களைப் பிரிப்பார்கள். ஜப்பானிய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே 1982-ல் முதன்முதலில் செய்த முறை. ஆனால் பெரியம்மாவின் வால்வில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகியிருந்தது, பலூனுக்கு ஒத்துவரவில்லை. ஆபரேஷன் செய்து வால்வை மாற்றினார்கள். இப்போது ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை, அது சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. நாற்பது வருஷம் இழுபட்ட அறை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, பழையபடி ஆகவில்லை. குரல் பாதிதான் திரும்பியது. ஆனால் எடை நாலு கிலோ ஏறியிருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, சின்ன வாயாக, நன்றாக மென்று, மெதுவாக ஒன்றரை தோசை சாப்பிடுறாங்க.

உங்கள் வீட்டுக்கு

உங்கள் வீட்டில் யாராவது நெஞ்சில் சாப்பாடு நிற்கிறது என்று சொன்னால், அதை கேஸ் என்று நீங்களே மூடிவிடாதீர்கள். டாக்டரிடம் போங்கள். போகும்போது எல்லா டிக்கெட்டையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். விழுங்கச் சிரமம், மூச்சு, படபடப்பு, குரல், எடை. தனித்தனி டாக்டரிடம் தனித்தனியாகச் சொன்னால் யாருக்கும் முழுப் படம் கிடைக்காது. இதய நோயாளி என்றால், மாத்திரை தொண்டையில் நிற்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். எந்த மாத்திரையையும் உட்கார்ந்துகொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு போடுங்கள். போட்டவுடனே படுக்காதீர்கள். அதேபோல எந்த மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் செய்யாதீர்கள்.

குழந்தைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, சில வாரத்தில் மூட்டு வீங்கினால், வளர்ற வயசு வலி என்று விடாதீர்கள். ஊசி போடச் சொன்னால் டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை போடுங்கள்.

கடைசியாக, உங்க அம்மாகிட்ட, பெரியம்மாகிட்ட, அத்தைகிட்ட ஒரு நாள் நிதானமாக உட்கார்ந்து கேளுங்கள், சின்ன வயசில் என்ன சீக்கு வந்தது, என்ன ஊசி போட்டார்கள் என்று. எங்க பெரியம்மாகிட்ட, ஏன் பெரியப்பாகிட்டகூட சொல்லலைன்னு கேட்டேன். "யாரும் கேக்கலைய்யா"ன்னு சொன்னாங்க.

அடுத்த வாரம் மறுபடி சர்வர் பக்கம் போவோம்.